நத்தை ஓட்டில் வளரும் குஞ்சுகள்

மல்டிஃபேசியேட்டஸ் சிக்லிட்
தாங்கனிக்கா ஏரி, ஆப்பிரிக்கா

மணலில் கிடக்கும் ஓடுகளின் வாயைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். அங்கே மெல்லிய கோடுபோல் துடிப்பவை குஞ்சுகள்.

வளர்ந்த ஆண் மீனே 5 செ.மீ.க்குள்தான், சிக்லிட்களில் மிகச் சிறிய இனங்களில் ஒன்று. ஏரியடியில் நியோதௌமா நத்தைகளின் வெற்று ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. பெண் மீன் ஓட்டுக்குள் முட்டையிட்டுக் காவல் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் வாசலுக்கு வரும். நிழல் பட்டால் போதும், உள்ளே ஓடிவிடும்.

வீட்டுத் தொட்டியிலும் குஞ்சுகளைத் தனியே பிரிக்க வேண்டாம். மூத்தவையும் இளையவையும் பெற்றோரோடு ஒரே கூட்டமாக வாழ்வதுதான் இந்த மீனின் பேரழகு. உள்ளே குஞ்சு உண்டா என்று ஓட்டைத் தூக்கிக் குலுக்குவது பெருங்கொடுமை, தயவுசெய்து செய்யாதீர்கள். குஞ்சுகளுக்கு உணவாக, உப்புநீரில் ஒரு நாளில் பொரியும் ஆர்ட்டீமியா என்ற நுண் இறால் குஞ்சுகளை அலசி, சொட்டுக்குழாயால் ஓட்டின் வாயருகே விடுங்கள். தின்ற குஞ்சின் கண்ணாடி வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரியும்.

நீர் கடினமாக, பி.எச். 8-க்கு மேல் இருக்கட்டும். குஞ்சுகளை உறிஞ்சாத ஸ்பாஞ்ச் ஃபில்டரே ஏற்றது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றுங்கள்.