கடை யாருக்கு? வணிகர் அறிய வேண்டிய குடும்பச் சட்டம்



கடையில் சரக்கு இருப்பு எவ்வளவு, வெளியில் நிற்கும் நிலுவை எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலர் பேரேட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவோம். நமக்குப் பிறகு இந்தக் கடை யார் யாருக்கு, எந்த அளவில் போகும் என்று கேட்டால் மட்டும் “பையன் பார்த்துக்கொள்வான்” என்போம். பார்த்துக்கொள்வது வேறு, உரிமை வேறு. அப்பா பெயரில் இருக்கும் கடைக் கட்டடத்தின் மீது கடன் கேட்டு மகன் வங்கிக்குப் போகும்போதுதான் இந்த வேறுபாடு தெரிய வருகிறது. வாரிசுச் சான்றிதழில் திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா பெயரும் இருக்கும், வீட்டுத் திண்ணையில் இருக்கும் அப்பத்தா பெயரும் இருக்கும். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கடன். தீபாவளிக்குச் சரக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் இது சாதாரணச் சங்கடம் அல்ல.

நம் பள்ளத்தாக்கில் ஒரே கடைவீதியில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ வணிகர்கள் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கிறோம். வரிச் சட்டமும் எடைச் சட்டமும் எல்லோருக்கும் ஒன்றுதான். வாரிசுச் சட்டம் அப்படியல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மளிகைக் கடைக்காரர்கள். மூவருக்கும் கடன் போகச் சொத்து ரூ.28.80 லட்சம், எல்லாம் சொந்தச் சம்பாத்தியம். மூவருமே உயில் எழுதவில்லை. ஒவ்வொருவருக்கும் தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள்.

இந்துவாக இருந்தால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பேருக்கும் சம பங்கு. தலைக்கு ரூ.5.76 லட்சம். தாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவராக இருந்தால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம், அதாவது ரூ.9.60 லட்சம். மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, தலைக்கு ரூ.6.40 லட்சம். பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஒன்றும் இல்லை. முஸ்லிமாக இருந்தால் ஹனஃபி முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு ரூ.3.60 லட்சம், தாய்க்கு ஆறில் ஒரு பங்கு ரூ.4.80 லட்சம். மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் மகனுக்கு ரூ.10.20 லட்சம், மகள்களுக்குத் தலா ரூ.5.10 லட்சம்.

உயிலிலும் வேறுபாடு உண்டு. இந்துவும் கிறிஸ்தவரும் தம் சொந்தச் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம். முஸ்லிம் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வாரிசுகளில் ஒருவருக்கே எழுதுவதானாலும் மற்றவர்களின் சம்மதம் வேண்டும்.

இந்துச் சட்டத்தில் குழப்பம் அதிகம் வருவது பூர்வீகச் சொத்தில். மகன் பிறக்கும்போதே பங்காளி, மகள் அப்படியல்ல என்பது பழைய முறை. தமிழ்நாடு அரசு இதைத் திருத்தியது. 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பால் பங்காளி ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு அது கிடையாது. ஒரே வீட்டில் மூத்தவளுக்கு இல்லை, இளையவளுக்கு உண்டு என்ற நிலை வந்தது இதனால்தான். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தேதிக்கு முன்பே தகப்பனார் இறந்திருந்தால் என்ன ஆகும் என்ற வழக்கு பல ஆண்டுகள் இழுபட்டு, 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் முடிவு சொன்னது. தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பங்கு உண்டு.

அந்தத் தீர்ப்பில் நமக்கு முக்கியமான இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2004 டிசம்பர் 20க்கு முன்பு பதிவு செய்த பாகப்பிரிவினையோ, நீதிமன்றத் தீர்ப்பால் ஆன பாகப்பிரிவினையோ இருந்தால் அது கலையாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டோம் என்பதைச் சாதாரணமாக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு ஆவணங்கள் பக்கபலமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. நம் பகுதியில் வெள்ளைத்தாளை நம்பி நிற்கும் கடைகளும் தோப்புகளும் எத்தனை என்று நமக்கே தெரியும்.

“தாத்தா சொத்து பேரனுக்கு” என்ற பேச்சையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1956க்குப் பின் இறந்த தாத்தாவின் தனிச் சொத்து வாரிசு முறையில் அப்பாவுக்கு வந்தால், அது அப்பாவின் தனிச் சொத்துதான். பேரன் அதில் பிறப்புரிமை கேட்க முடியாது. 1986இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்படியும் டீக்கடையில் இந்தச் சட்டம் பேசாத நாள் இல்லை!

மலைக்கு மேலே போனால் கதை வேறு. நம்மவர்கள் பலர் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏறி ஏலத்தோட்டம் வைத்திருக்கிறோம். அங்கே கேரள அரசு 1975இல் ஒரு சட்டம் போட்டு இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. 1976 டிசம்பர் 1 முதல் பிறப்புரிமை என்ற பேச்சே அங்கு இல்லாமல் போயிற்று. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2005 மத்தியத் திருத்தத்துக்கு முரணானவை என்று 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே மலைத்தோட்டத்துக்கு அந்த மாநில வழக்கறிஞரிடமே யோசனை கேட்பது நல்லது.

அங்கே கிறிஸ்தவக் குடும்பங்களிடம் தோட்டம் வாங்குகிறவர்கள் மேரி ராய் வழக்கை அறிந்திருக்க வேண்டும். இடுக்கி பழைய திருவிதாங்கூர் பகுதி. 1916ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது ரூ.5,000, இதில் எது குறைவோ அதுதான். 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது என்று 1986இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, முப்பத்தைந்து ஆண்டுகளாக அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற நிலங்களில் சகோதரிகளுக்கும் பாத்தியதை இருந்திருக்கிறது. தாய்ப்பத்திரத்தில் சகோதரிகள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கடல் தாண்டினாலும் இப்படித்தான். யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு, டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்த தேசவழமை இன்றும் சட்டம். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகைப்படுத்தி வாரிசு பார்க்கிறார்கள். திருமணத்துக்குப் பின் சேர்த்த தேடியதேட்டத்தில் மனைவிக்கும் பங்குண்டு. பிரான்சில் தகப்பன் உயில் எழுதிப் பிள்ளைகளை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்கென ஒரு பாகத்தைச் சட்டமே காத்து வைக்கிறது.

இனிக் கூட்டுக் கடைகள். பங்குதாரர் ஒருவர் இறந்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனம் கலைந்துவிடும். இருவர் மட்டுமே பங்குதாரர் என்றால், ஒருவர் இறந்தபின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் கூட்டு நிற்காது. மிஞ்சுபவர் ஒருவரே அல்லவா! இறந்தவரின் வாரிசுகளுக்குக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்தாக வேண்டும். அந்த வாரிசுகள் யார் என்பதை மேலே சொன்ன மூன்று சட்டங்களில் அவருக்கு உரியதுதான் தீர்மானிக்கும். மூன்றாமவராக மகனையோ மகளையோ இப்போதே சேர்த்துக்கொண்டு, ஒருவர் மறைந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்றும், சரக்கையும் நிலுவையையும் எந்தத் தேதி விலைக்கு மதிப்பிடுவது என்றும் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் கடைக் கதவு ஒரு நாளும் அடைபடாது. மகளுக்குப் பணமாகவோ நகையாகவோ கொடுத்துச் சம்மதம் பெற்றிருந்தால், அதற்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தகப்பனார் உயிரோடு இருக்கும்போது, இனிமேல் வரப்போகும் வாரிசுப் பங்குக்காக வாங்கி வைக்கும் விடுதலைப் பத்திரம் பொதுவாகச் செல்லாது. அவருக்குப் பிறகு எழுதுவதே பயன்படும்.