வயது மீது விழும் பழி

தடுமாறும் முதியவரை 'வயசாகிவிட்டது' என்று ஒதுக்குவதால், குணமாக்கக்கூடிய கோளாறுகளும் கவனிக்கப்படாமல் போகின்றன.

இந்தியில் 'சடியானா' என்றொரு சொல் உண்டு. அறுபதைக் குறிக்கும் 'சாட்' என்பதிலிருந்து பிறந்தது. அறுபதைக் கடந்தவருக்குப் புத்தி பிசகும் என்பது உட்பொருள். வங்காளிகள் 'பீம்ரதி' என்பார்கள். தமிழில் 'அறளை பெயர்தல்'. சிக்கலே இங்குதான். வயதான காலத்தில் இது சகஜம் என்று மொழியே தீர்ப்பு சொல்லிவிட்ட பிறகு, டாக்டரிடம் போக யாருக்குத் தோன்றும்?

2023ல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அதிகம்.

வீட்டில் இது பெரும்பாலும் சண்டையாகவே தலைகாட்டுகிறது. சாப்பிட்டுக் கை கழுவிய பாட்டி, "எனக்கு யாரும் சோறு போடலை" என்று பக்கத்து வீட்டில் முறையிடுகிறார். வைத்த இடம் மறந்துபோன வளையலை மருமகள் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். பாட்டி பொய் சொல்லவில்லை. பழைய நினைவுகள் நிற்க, புதியவை பதியாமல் போவது அல்ஸைமர் நோயின் ஆரம்ப குணம். தன் கல்யாண விருந்தை வரிசை தப்பாமல் சொல்பவருக்குக் காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது.

ஆனால் எல்லா மறதியும் அல்ஸைமர் ஆகிவிடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். கீழே விழுந்து தலையில் அடிபட்டவருக்குச் சில வாரங்கள் கழித்துக்கூட மண்டைக்குள் ரத்தம் தேங்கிக் குழப்பம் வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டாக்டரின் விசாரணை ஆகியவற்றில் காரணம் தெரிந்துவிடக்கூடும்.

கவனிக்க வேண்டியது வேகத்தை. அல்ஸைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று மகனை அடையாளம் தெரியாமல் விழித்தால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் சோடியம் குறைந்ததோ, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரையோ, பக்கவாதமோ காரணமாக இருக்கலாம்.

அல்ஸைமர்தான் என்று உறுதியானால், அதை முற்றிலும் குணப்படுத்த மருந்து இல்லை. டோனபெசில் போன்றவை சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும். எஞ்சியது பராமரிப்பு, பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. என்றாலும் நோயைக் கண்டறிவது வீண் அல்ல. அதன் பிறகு பாட்டியைப் பொய்க்காரி என்று யாரும் ஏச மாட்டார்கள். மருமகள் மீதான திருட்டுப் பட்டமும் விலகும்.