3 நாடுகள், 170 கிலோமீட்டர் நடை... மோன் பிளாங்க் மலையைச் சுற்றிவர எப்படித் திட்டமிடலாம்?

சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று புக்கிட் தீமா. உயரம் சுமார் 164 மீட்டர்.

மேற்கு ஐரோப்பாவின் ஆக உயரமான மலை மோன் பிளாங்க். உயரம் 4,800 மீட்டருக்கும் மேல்.

அதன் உச்சிக்கு ஏறுவதற்குக் கயிறு வேண்டும், பனிக்கோடரி வேண்டும், அனுபவம் வேண்டும். ஆனால் அந்த மலைத்தொகுதியைச் சுற்றி வருவதற்கு அவை எதுவும் பொதுவாகத் தேவையில்லை. நல்ல காலணியும் பழகிய கால்களும் போதும்.

பகலில் நடை. இரவில் மலைக்குடிலில் சாப்பாடு, தூக்கம். காலையில் எழுந்து அடுத்த குடிலுக்கு நடை. இப்படியே பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லந்து ஆகிய 3 நாடுகளையும் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம்.

கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பினால் சிரமம்தான். எப்படித் திட்டமிடுவது?

அது என்ன பாதை?

அதன் பெயர் டூர் டு மோன் பிளாங்க். சுவிஸ் அறிவியலாளர் சோசூர் 1767ஆம் ஆண்டிலேயே மலையைச் சுற்றி நடந்திருக்கிறார். மலையின் உச்சியை மனிதர்கள் முதன்முதலில் எட்டியது அதற்குப் பிறகுதான், 1786ஆம் ஆண்டு.

பாதையின் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். வழியில் ஏறும் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர் வரும். அதே அளவு இறங்கவும் வேண்டும்.

பெரும்பாலோர் பிரான்ஸின் லே ஊஷ் கிராமத்தில் தொடங்கிக் கடிகார முள்ளின் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். கோல் தெ லா செய்ன் கணவாயில் (2,516 மீட்டர்) இத்தாலிக்குள் நுழைகிறார்கள். கிராண்ட் கோல் ஃபெரே கணவாயில் (2,537 மீட்டர்) சுவிட்சர்லந்துக்குள் போகிறார்கள். கடைசியில் கோல் தெ பால்ம் வழியாக மீண்டும் பிரான்ஸ்.

எல்லையில் கடப்பிதழைக் கேட்க மேசை போட்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். என்றாலும் கடப்பிதழ் பையில் இருக்கவேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

பெரும்பாலான குடில்கள் ஜூன் நடுப்பகுதியில் திறந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு மூடத் தொடங்கும். ஆக, கையில் இருப்பது சுமார் 3 மாதம்.

பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். நம்முடைய ஜூன் பள்ளி விடுமுறையின் பெரும்பகுதி, குடில்கள் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். ஜூன் இறுதியில் போனாலும் உயரமான கணவாய்களில் பனி மிச்சம் இருக்கலாம். பனிச் சரிவில் கால் வழுக்கினால் நிறுத்துவது கடினம்.

ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் வரை பாதை பொதுவாகப் பனியின்றி இருக்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம்.

செப்டம்பர் தொடக்கம் பலருக்கும் பிடித்த காலம். கூட்டம் குறையும். ஆனால் பொழுது சீக்கிரம் சாயும், உயரத்தில் புதிய பனியும் விழலாம்.

செப்டம்பர் பள்ளி விடுமுறை ஒரு வாரம்தானே? பாதியைச் சுற்றலாம். லே ஊஷிலிருந்து இத்தாலியின் கூர்மாயோர் வரை 4 நாளில் நடந்துவிட்டு, மலைக்கு அடியில் போகும் மோன் பிளாங்க் சுரங்கம் திறந்திருந்தால் அதன் வழியாகப் பேருந்தில் பிரான்ஸ் திரும்பலாம். 4 நாள் நடந்தது 12 கிலோமீட்டருக்கும் குறைவான சுரங்கத்தில் முடிந்துபோகும்!

எத்தனை நாள் வேண்டும்?

முழுச் சுற்றுக்கு வழக்கமாக 10 அல்லது 11 நாள். நாளொன்றுக்குச் சுமார் 15 கிலோமீட்டர்.

"15 கிலோமீட்டரா? மெக்ரிட்சியில் அதைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிச்சிடுவேன்" என்று சிலர் சொல்லலாம். மலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மணிக்கணக்குத்தான் உதவும். சுவிட்சர்லந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளும் அடுத்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்றுதான் சொல்கின்றன.

ஸ்காட்லந்து மலையேறி நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு சொன்ன எளிய விதி இன்றும் பயன்படுகிறது:

• ஒவ்வொரு 5 கிலோமீட்டர் தூரத்துக்கும் 1 மணி நேரம்
• ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம்

ஒரு நாளில் 15 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 3 மணி நேரம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் நாலரை மணி நேரம்.

ஆனால் அது ஓய்வே எடுக்காமல், பாரமில்லாமல், நல்ல பாதையில் நடப்பவருக்கான கணக்கு. முதுகில் பை, செங்குத்தான இறக்கம், சாப்பாடு, படம் எடுப்பது எல்லாம் சேர்த்தால் 7 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் ஆக மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் கணக்குப் போடவேண்டும். அப்பா, அம்மாவும் வருகிறார்கள் என்றால் அவர்களுடைய வேகமே உங்கள் வேகம்.

நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். கூர்மாயோர், சுவிட்சர்லந்தின் ஷாம்பே போன்ற இடங்கள் அதற்கு வசதி. கடை உண்டு, துணி துவைக்கலாம். மழையால் ஒரு நாள் வீணானாலும் அந்த ஓய்வு நாள் கைகொடுக்கும்.

குடில் எப்படி இருக்கும்?

ஹோட்டல் மாதிரி இருக்காது.

• பெரிய அறையில் பலரும் வரிசையாகப் படுப்பார்கள். குறட்டைச் சத்தம் நிச்சயம். காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள்.
• காலணியை வாசலிலேயே கழற்றவேண்டும். நம் வீட்டுப் பழக்கம்தான்!
• போர்வை தருவார்கள். அதற்குள் விரித்துப் படுக்க மெல்லிய துணிப்பை ஒன்றை நீங்கள் கொண்டுபோக வேண்டும்.
• இரவுச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் 7 மணி வாக்கில். பிந்திப் போனால் சூடான சாப்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை.
• குளியலுக்கு வெந்நீர் அளவோடுதான். சில இடங்களில் தனிக் கட்டணம்.
• இரவு 10 மணிக்கெல்லாம் விளக்கு அணைந்துவிடும்.

படுக்கை, இரவுச் சாப்பாடு, காலை உணவு மூன்றும் சேர்ந்த கட்டணமே வழக்கம். ஒருவருக்கு ஓரிரவுக்குச் சுமார் 60 யூரோவிலிருந்து 100 யூரோ வரை ஆகலாம். சுவிட்சர்லந்தில் ஃபிராங்க் நாணயம். எல்லாக் குடிலிலும் கடன் அட்டை வேலை செய்யும் என்று நம்பவேண்டாம். கொஞ்சம் ரொக்கம் அவசியம்.

சைவம் சாப்பிடுபவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடவேண்டும். பொருள்கள் பாரவண்டியிலோ ஹெலிகாப்டரிலோ வரும் சமையலறையில் கடைசி நேரத்தில் கேட்டால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் மிஞ்சும். ஹலால் இறைச்சி கிடைப்பது அரிது. சைவ உணவைக் கேட்பது சுலபமான வழி.

எப்போது பதிவு செய்யவேண்டும்?

இதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. கோடைக்கான பதிவை முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ பல குடில்கள் தொடங்கிவிடுகின்றன. ஜூலை, ஆகஸ்ட் படுக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரு குடிலில் இடம் இல்லாவிட்டால் அடுத்த நாள் திட்டமும் கெடும். ஆகவே வரிசைப்படி பதிவு செய்யாதீர்கள். மாற்று வழி இல்லாத இடங்களை முதலில் பிடியுங்கள்.

பிரான்ஸின் குரோவா டு போனோம் (2,443 மீட்டர்), இத்தாலியின் எலிசபெட்டா, போனாட்டி ஆகியவை உயரத்தில் தனித்து நிற்கும் குடில்கள். அவை கிடைத்த தேதிகளை வைத்து மற்ற நாள்களை அமையுங்கள். ஷாமோனி, கூர்மாயோர் போன்ற ஊர்களில் தங்குவதற்கு வேறு இடங்கள் உண்டு. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: விதிகள் 3 நாட்டிலும் வேறு வேறு. நினைத்த இடத்தில் போட முடியாது.

மலையே இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது?

மாடிப்படிதான் நம் மலை.

ஒரு மாடி சுமார் 3 மீட்டர் என்று வைத்தால், 900 மீட்டர் ஏற்றம் என்பது 300 மாடி. அதாவது 12 மாடி வீவக புளோக்கை 25 முறை ஏறுவதற்குச் சமம். ஒரே நாளில் அதைச் செய்யத் தேவையில்லை. 5 முறையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். பாரத்தையும் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுங்கள்.

முக்கியமானது: மேலே ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்காதீர்கள். நடந்து இறங்குங்கள். மலையில் பலருக்கும் முழங்கால் விட்டுப்போவது இறக்கத்தில்தான். நடைக்கோல்கள் இரண்டு இருந்தால் முழங்காலின் சுமை குறையும்.

மூட்டுவலி, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பையில் என்ன?

சாப்பாடும் படுக்கையும் குடிலில் இருப்பதால் பை 8 கிலோவைத் தாண்டத் தேவையில்லை.

• மழைச்சட்டை, மழைக் காற்சட்டை
• கதகதப்பான மேலாடை, தொப்பி, கையுறை. கோடையிலும் தேவை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6 அல்லது 7 டிகிரி குறையும்
• சீக்கிரம் காயும் சட்டை 2. பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும்
• ஏற்கெனவே அணிந்து பழகிய காலணி. புதுக் காலணியோடு விமானம் ஏறாதீர்கள்
• தண்ணீர்ப் புட்டி, முதலுதவிப் பொருள்கள், தலைவிளக்கு, விசில்
• காகித வரைபடம். கைத்தொலைபேசியின் மின்கலம் தீர்ந்தாலும் அது வேலை செய்யும்

விசா, காப்புறுதி

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் குறுகிய சுற்றுப்பயணத்துக்கு ஷெங்கன் விசா எடுக்கவேண்டியதில்லை. புறப்படும் முன் புதிய நுழைவு விதிகள் ஏதும் வந்துள்ளனவா என்று மட்டும் பாருங்கள்.

இங்கே வேலை செய்யும் இந்தியக் கடப்பிதழ்காரர்களுக்கு விசா தேவை. 3 நாட்டுக்கும் ஒரே விசா போதும். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும். குடில் பதிவு உறுதிக் கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள், தங்குமிடச் சான்றாக அவை தேவைப்படும்.

பயணக் காப்புறுதி வாங்கும்போது 2 கேள்வி கேளுங்கள். பல நாள் மலைநடைக்கு அது பொருந்துமா? ஹெலிகாப்டர் மீட்புச் செலவை ஏற்குமா? சுவிட்சர்லந்தில் மலை மீட்புக்குக் கட்டணம் உண்டு.

சுவிட்சர்லந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. தொலைபேசி இணையத் திட்டம் அங்கும் செல்லுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரவும் திட்டம் வேண்டும்

கோடையில் ஆல்ப்ஸ் மலையில் பிற்பகலில் இடி மின்னல் அடிக்கடி வரும். கணவாயின் மேல் நிற்கும்போது வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் காலையில் சீக்கிரம் புறப்பட்டு, நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டப் பார்க்கிறார்கள்.

போனாட்டி குடிலில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இரவுக்குச் சுவிட்சர்லந்தின் லா ஃபூலியில் பணம் கட்டியாகிவிட்டது. நடுவில் 2,537 மீட்டர் கணவாய். நாளை காலையிலிருந்தே புயல் என்கிறார் குடில் பொறுப்பாளர்.

"பணம் கட்டியாச்சே, போய்த்தான் ஆகணும்" என்று மனம் சொல்லும். 10 நாளுக்கும் பதிவு செய்து வைத்திருக்கும்போது அந்தக் குரல் இன்னும் பலமாகக் கேட்கும். ஒரு நாள் பிந்தினால் மற்ற எல்லாமே சரியும் அல்லவா?

அங்கேதான் வீட்டிலேயே எழுதிவைத்த மாற்றுத் திட்டம் உதவும். பள்ளத்தாக்குக்கு இறங்கலாம். கோடையில் அங்கிருந்து கூர்மாயோருக்குப் பேருந்து உண்டு. சுரங்கம் வழியாக ஷாமோனி, பிறகு ரயிலும் பேருந்தும் மாறி லா ஃபூலியையே எட்டலாம். சுற்று வழிதான், நாள் முழுக்க ஆகலாம். ஆனால் திட்டத்தின் மிச்ச நாள்கள் அப்படியே இருக்கும்.

இந்தப் பாதையின் பெரிய வசதியே அதுதான். பெரும்பாலான நாள்களில் பேருந்தோ கம்பிவட ஊர்தியோ உள்ள ஊருக்கு இறங்க வழியுண்டு. புறப்படும் முன் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இன்று நடக்க முடியாவிட்டால் எங்கே இறங்குவது, எதில் ஏறுவது?

குடிலுக்குப் போக முடியாவிட்டால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வருவதாகச் சொன்னவர் வரவில்லையென்றால், வழியில் என்ன ஆனதோ என்று அங்கே கவலைப்படுவார்கள்.

அவசர உதவிக்கு 3 நாட்டிலும் 112. தொலைபேசித் தொடர்பு இல்லையா? ஒரு நிமிடத்துக்குள் 6 முறை விசில் ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஊதுங்கள். ஆல்ப்ஸ் மலையில் உதவி கேட்கும் முறை அது. பதிலுக்கு நிமிடத்துக்கு 3 விசில் கேட்டால், உங்கள் குரல் யாருக்கோ எட்டிவிட்டது என்று பொருள்.

ஓரிரவுப் படுக்கைக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். மோன் பிளாங்க் அங்கேயேதான் இருக்கும், அடுத்த ஆண்டும் போகலாம்.