அடப்பங்கொடிக்கு அதிகத் தண்ணீர் ஆகாது

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்து, சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது நினைவிருக்கிறதா? குளிக்கவே தண்ணீரை அளந்து செலவிடும் நாட்களில் பூச்செடிகளுக்கு யார் ஊற்றுவது? அத்தகைய வறட்சியையும் தாங்கும் பூங்கொடி ஒன்று நம் கடற்கரையிலேயே வளர்கிறது.

திரெங்கானு, பகாங் கடற்கரைகளில் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களுடன் மணலில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடிதான் அது. சங்கப் பாடல்களில் இதன் பெயர் அடும்பு. நுனி பிளந்த இலையைக் கண்டு மலாய்க்காரர்கள் ‘தாப்பாக் குடா’, அதாவது குதிரைக் குளம்படி என்கிறார்கள். ‘ஐப்போமியா பெஸ்-காப்ரே’ என்ற அறிவியல் பெயரின் பிற்பகுதிக்கு ஆட்டின் பாதம் என்று பொருள்.

கடல் மணலில் மழைநீர் தங்காது, உடனே கீழிறங்கிவிடும். நண்பகலில் மணல் கொதிக்கும். காற்றிலும் உப்பு. அங்கே இக்கொடி எப்படிப் பிழைக்கிறது? முதன்மை வேர் ஆழத்தில் இருக்கும் ஈரத்தைத் தேடிச் செல்கிறது. தரையில் ஓடும் தண்டு கணுவுக்குக் கணு புதிய வேர் விடுகிறது. அதனால் ஓரிடம் காய்ந்தாலும் வேறோர் இடத்தில் நீரை உறிஞ்ச முடிகிறது. தடித்த இலைகளும் நீரைச் சேமித்து வைக்கின்றன.

வீட்டில் வளர்க்க, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டு போதும். விதை என்றால், அதன் கடினமான தோலை மணல்தாளில் சற்றுத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்கலாம். மண்ணில் பாதிக்குமேல் மணல் கலந்து, நல்ல வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

நான் முதலில் நட்ட துண்டு அழுகிப்போனது. களிமண்ணில் நட்டு, அன்றாடம் தண்ணீர் ஊற்றியதே காரணம். வேரும் சுவாசிக்கும். மண்ணின் இடைவெளிகளில் நீர் தேங்கினால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அதற்காக, நட்ட நாளிலிருந்தே காயவிடவும் கூடாது. வேர் பிடிக்கும்வரை, முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மண் இலேசாக ஈரமாக இருக்கட்டும். பிறகு மேல்மண் நன்றாகக் காய்ந்த பின்பே தண்ணீர் ஊற்றுங்கள். கொடி வேகமாகப் படரும். காய்கறிப் பாத்திக்கு அருகில் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: கடற்கரையிலிருந்து கொடியைப் பிடுங்கி வராதீர்கள். வளர்ப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையை அரிக்கும்போது, மணலைப் பிடித்துவைக்க உதவுவது இந்த வேர்களே.