உங்களுக்குத் தெரியுமா? ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் லேப்டாப் முழுசாக அணைவதில்லை!

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி உண்டு. அது இயங்கும் லேப்டாப்பில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், நாம் திறந்த செயலிகள் மூடப்படும். இயங்குதளத்தின் கருவான கெர்னலின் நிலை மட்டும் வட்டில் ஒரு கோப்பாகப் பதிவாகும். மறுமுறை அதையே எடுத்து விரித்துக்கொள்ளும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் ஏதாவது டிரைவர் கோளாறாக இருந்தால், அந்தக் கோளாறும் கூடவே திரும்பி வரலாம். தினமும் அணைத்தும் மந்தமாகவே எழுகிறதா? ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள், கெர்னல் புதிதாக ஏறும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் முழுதாக அணையும்.

அப்படியும் தாமதமானால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியைப் பாருங்கள். ‘ஹை’ என்று குறித்திருப்பவற்றில் தேவையில்லாததை ‘டிஸேபிள்’ செய்யலாம். செயலி அழியாது, தானாகத் தொடங்காது, அவ்வளவே. ஆன்டிவைரஸில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

பழைய லேப்டாப்பில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், புது லேப்டாப் வாங்கும் முன் எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிவது இதில்தான்.