மேலே ஆலா, கீழே ஓங்கில்

ஹைதராபாத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் 250 கிலோமீட்டருக்குள் கடல் வராது. ஆனாலும் இந்தியக் கடல்களை நாள் தவறாமல் கவனித்துக்கொண்டிருக்கும் ஊர் இது. இங்குள்ள பிரகதி நகரில் 'இன்காய்ஸ்' என்ற இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. 1999இல் தொடங்கிய இந்த மையத்தைச் சுனாமி எச்சரிக்கையால் பலருக்கும் தெரியும். மீன் எங்கே கூடும் என்றும் இது மீனவர்களுக்குச் சொல்கிறது. படகேறிக் கடற்பறவையும் டால்பினும் பார்க்கப் போகிறவர்களுக்கும் அந்தக் கணக்கு உதவும். டால்பினை நம் மீனவர்கள் ஓங்கில் என்பார்கள்.

கரையிலிருந்து பார்த்தால் கடல் முழுக்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அதில் இரை எல்லா இடத்திலும் இல்லை. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லைகளிலும், அடிநீர் மேலேறி வரும் இடங்களிலும் சத்து சேர்கிறது. அங்கே நுண்பாசி செழிக்கும். பாசியை மிதவை உயிர்கள் தின்னும். அவற்றைத் தேடி நெத்திலியும் சாளையும் வரும். அவற்றின் பின்னாலேயே சூரையும் ஓங்கிலும் வந்துவிடும்.

செயற்கைக்கோளுக்கு மீன் தெரியாது. நீரின் மேற்பரப்பு வெப்பம் தெரியும்; பாசியின் பச்சையத்தால் நீர் நிறம் மாறுவதும் தெரியும். 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 அப்படி நிறம் பார்க்கும் செயற்கைக்கோள்தான். இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் படித்துத்தான், இன்ன கரையிலிருந்து இன்ன திசையில், இத்தனை கிலோமீட்டரில், இத்தனை மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மீன் கூட வாய்ப்பு என்று தமிழ் உட்பட உள்ளூர் மொழிகளில் அறிவிப்பு வருகிறது.

செயற்கைக்கோள் வருவதற்கு முன் இந்த வேலையைப் பார்த்தது ஆலா. கூரிய அலகு, நீண்ட சிறகு, பிளந்த வால் கொண்ட பறவை இது. பாய்ந்து மீன் பிடிக்கும். ஆனால் ஆழத்துக்கு முங்கத் தெரியாது. வெப்பக்கடலில் வாழும், முதுகு கறுத்த ஓர் ஆலா வகைக்குச் சிறகு எளிதில் நனைந்துவிடும் என்பதால், அது நீரில் உட்காரக்கூடத் தயங்கும். ஆகவே கீழிருந்து யாராவது இரையை மேலே விரட்டித் தர வேண்டும். சூரையும் ஓங்கிலும் சிறுமீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து நெருக்கும்போது, அது பந்தாய்த் திரண்டு மேற்பரப்பில் கொதிக்கும். ஆலாக்கள் கூச்சலோடு அதன்மேல் விழும். லட்சத்தீவில் தூண்டிலால் சூரை பிடிப்பவர்கள் தொடுவானத்தில் பறவைக் கூட்டம் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பயணியும் அப்படியே பார்க்கலாம். பறவை ஒரே திசையில் நேராகப் பறந்தால் அது வழிப்போக்கு. ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி விழுந்தால் கீழே பந்தி நடக்கிறது.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஓங்கிலும் உண்டு. இலங்கையின் கற்பிட்டிக் கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெருங்கூட்டமாகத் தென்படும் சுழல் ஓங்கில், துள்ளி எழுந்து பம்பரமாய்ச் சுழலும். இந்த இனம் இரவில், ஆழத்திலிருந்து மேலேறி வரும் சிறுமீனையும் கணவாயையும் தின்னும், பகலில் இளைப்பாறும். காலையில் அதன்மேல் பறவை வட்டமிடாததில் வியப்பில்லை. அந்த நேரத்தில் படகால் துரத்தினால் கெடுவது அதன் தூக்கம். எதிரே போய் மறிக்காமல், கூட்டத்தைப் பிளக்காமல், விலகிப் பக்கவாட்டில் மெதுவாகப் போவதுதான் முறை. விருப்பம் இருந்தால் அதுவே படகின் முன்னணியத்துக்கு வந்து அலையில் சறுக்கும்.

புறப்படும் முன் இன்காய்ஸின் அலை முன்னறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். காற்றே இல்லாத நாளில், தொலைதூரத் தென்கடலில் கிளம்பிய அலை கரையேறுவதுண்டு. திருடனைப் போல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர்.

ஹைதராபாத்காரர்கள் ரயிலேறிப் போய்ப் பார்க்க ஒடிசாவின் சில்கா ஏரி இருக்கிறது. அங்கே சாத்தபடாவில் படகு கிடைக்கும். அங்குள்ள ஐராவதி ஓங்கிலுக்கு மூக்கு நீளாது. தலை மொழுமொழுவென்று உருண்டிருக்கும். சுழல் ஓங்கில்போல் அது வித்தை காட்டாது. கலங்கிய நீரில் சாம்பல் முதுகு ஒரு நொடி தெரிந்து மறையும். படகின் விசிறி பட்டுக் காயப்படுவதும் அதுதான். என்ஜினை நிறுத்தச் சொல்லிக் காத்திருங்கள். பின்பக்கம் எங்கோ 'புஸ்' என்று மூச்சு கேட்கும். நீங்கள் திரும்புவதற்குள் அது முங்கியிருக்கும். அடுத்த மூச்சுக்கு அது மேலே வந்துதான் ஆக வேண்டும்.