முள் எப்போ ஏறுது பாஸ்?
பழைய கார், அஞ்சு ஃப்ரெண்ட்ஸ், கொல்லிமலை டூர்! 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுறதுக்குள்ளே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுதா? ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீங்க! அழுத்தத்தில் இருப்பதால்தான் உள்ளே தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கு. மூடியைத் திறந்தால் குபீர்னு பொங்கி முகத்தில் அடிச்சிடும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

அப்புறம் துப்பறியலாம். 'எப்போ சூடாகுது?' இதுதான் முதல் கேள்வி.

டிராஃபிக்கில் நின்னா சூடு, ஓடினா சரியாகுதா? ஃபேன், ஃபியூஸ், ரிலேயைப் பாருங்க.

ஹைவேயில் ஓடும்போதே ஏறுதா? ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப்.

கூலன்ட் நிறைய இருந்தும், கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே ஏறுதா? தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கலாம்.

வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறையுது, இன்ஜின் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கா? ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதுக்கு மேல ஓட்டினா இன்ஜினுக்கே ஆபத்து.

மெக்கானிக்கிடம் வெறுமனே 'சூடாகுதுண்ணே'ன்னு சொல்லாமல், 'எப்போ'ங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பார்க்கிற செலவு மிச்சம். அந்தக் காசில் எல்லாருக்கும் பரோட்டா!